தொண்ணூற்றாறு சதவீதக் கணவர்

தாமோதரனுக்குத் தன் மனைவியின் மனசு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு தெரியும். இதை அவர் சொல்லவில்லை, அரசாங்கம் சொல்லியது. முத்திரை போட்ட அந்த அட்டையைப் பர்ஸில் எல்லாவற்றுக்கும் முன்னால், திறந்ததும் கண்ணில் படும்படி செருகி வைத்திருந்தார். கேட்டவர்களுக்கும் காட்டுவார், கேட்காதவர்களுக்கும் காட்டுவார். மிச்சம் நாலு பங்கு என்னாச்சு என்று யாராவது வம்புக்கு இழுத்தால், அது சாமிக்கு என்று விட்டு வைத்திருப்பதாகச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த அட்டை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

'இதா அதா' என்று ஒரு விளையாட்டு. வீட்டுக்கு வீடு நாலு பேர் கூடினால் அதைத்தான் ஆடுவார்கள். ஒருவர் நடுவில் உட்காருவார். எல்லோர் கையிலும் சிலேட்டு மாதிரி ஒரு பலகைத் திரை. ஒரு கேள்வி வரும், இரண்டே பதில். ஆயுசு முழுக்கக் காபி இல்லாமல் இருப்பதா, பாட்டு இல்லாமல் இருப்பதா? மேனேஜரோடு லிஃப்டில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொள்வதா, சம்பந்தியோடு டெல்லி வரைக்கும் பஸ்ஸில் போவதா? இரண்டும் வேண்டாம் என்று நழுவ வழி கிடையாது. நடுவில் இருப்பவர் தன் பதிலை அழுத்துவார். அவர் எதை அழுத்துவார் என்று மற்றவர்கள் ஊகித்து அழுத்துவார்கள். ஒத்துப்போனால் மதிப்பெண். அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் வீடு இரண்டுபட்டுவிடும்.

விளையாட்டுக்குள் சட்டம் புகுந்தது பிறகுதான். ஆஸ்பத்திரி வராந்தாக்களில் ஒரு சண்டை ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. உள்ளே ஒருவர் நினைவில்லாமல் கிடப்பார். ஆபரேஷன் வேண்டும் என்பார் மகன், வேண்டாம் என்பார் அண்ணன், ஊருக்குக் கொண்டுபோகலாம் என்பார் மாமனார். படுத்திருப்பவருக்கு என்ன வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. யார் நெருங்கின சொந்தம் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, யாருக்கு அவருடைய மனசு தெரியும் என்று பார்த்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த விளையாட்டை நடத்தும் கம்பெனியிடம் அத்தனை குடும்பங்களின் மதிப்பெண்களும் குவிந்து கிடந்தன. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாக ஊகித்தவர் 'சார்புக்குரல்' ஆனார். நோயாளிக்கு வாய் இல்லாதபோது அவருடைய வாய் இவர். வேறு யாரும் குறுக்கே பேச முடியாது.

எங்கும் பாராட்டுத்தான். கோயம்புத்தூர் மாவட்டத்துக்குத் தனிப் பாராட்டு, ஏனென்றால் மனைவியின் மனசை அறிந்த கணவர்கள் இங்கேதான் மிக அதிகம் என்று புள்ளிவிவரம் சொல்லியது. அதைப் படித்த மனைவிகள் யாரும் எதுவும் சொல்லவில்லை.

தாமோதரன் பம்புசெட் உதிரி பாகங்கள் விற்பவர். மனைவி சுகந்தி ஒரு நூல் மில் அலுவலகத்தில் கணக்குப் பார்த்துவந்தாள். சரவணம்பட்டியில் அவர்கள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் பொங்கலுக்குப் பொங்கல் 'மனமொத்த தம்பதி' போட்டி நடக்கும். அதே விளையாட்டுத்தான், மனைவி நடுவில் உட்காருவாள், கணவர் ஊகிக்க வேண்டும். ஒரே ஒரு வருஷம் தவிர எல்லா வருஷமும் முதல் பரிசு இவர்களுக்குத்தான். பரணில் பரிசு ஹாட்பாக்ஸ்கள் பிரிக்காமலே அடுக்கிக் கிடந்தன.

தோற்றால் தாமோதரன் கத்துபவர் அல்ல. கத்தினாலாவது பரவாயில்லை. பேசமாட்டார், சாப்பிடமாட்டார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். மறுநாள், பக்கத்திலேயே நிற்கும் மனைவியிடம் மகள் மூலமாகத்தான் தண்ணீர் கேட்பார். கேரம் ஆனாலும் சீட்டானாலும் இதே கதை. அந்த வீட்டில் அவர் தோற்பது எல்லோருக்கும் செலவு வைக்கும் காரியம்.

ஒரு நாள் காலை, அலுவலகத்தில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் சுகந்தி விழுந்துவிட்டாள். மூளையின் இடப்பக்கத்தில் ரத்தம் அடைத்துக்கொண்டது. உயிருக்கு ஆபத்து நீங்கியபோது தாமோதரன் அழுதார். அடுத்த அரை மணி நேரத்தில் டாக்டர் மெஹ்ருன்னிசா அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

வீக்கம் வடியும்வரை சுகந்தியைத் தூக்கத்திலேயேதான் வைத்திருக்க வேண்டும், எழுப்பினால் ஆபத்து என்றார் டாக்டர். ஆனால் செத்துப்போன நரம்புப் பாதைக்குப் பதிலாக ஆய்வகத்தில் வளர்த்த பாதையை ஒட்டுவதாக இருந்தால், இந்தத் தூக்கத்துக்குள்ளேயே ஒட்டிவிட வேண்டும். பிறகு மூளை அதை ஏற்றுக்கொள்ளாது.

"இதுல ஒரு சிக்கல் இருக்கு சார். பேச்சுக்கான இடமும் நடைக்கான இடமும் பக்கத்துல பக்கத்துல கெட்டிருக்கு. ரெண்டுலயும் ஒட்ட முடியாது, ஒண்ணு இன்னொண்ணை அழிச்சிரும். பேச்சு வேணும்னா கால் வராது. வீல்சேர்தான். கால் வேணும்னா பேச்சு வராது."

எழுதிக் காட்டலாம் இல்லையா என்று கேட்டார் தாமோதரன். எழுதவும் வராது என்றார் டாக்டர். மொழியே கைவிட்டுப் போய்விடும். தலையாட்டுவதைக்கூட நம்ப முடியாது. ஆமாம் என்று நினைத்துக்கொண்டு இல்லை என்று ஆட்டுவார்கள். மற்றபடி நன்றாக நடப்பார்கள், வேலை செய்வார்கள், சிரிப்பார்கள்.

"மத்த குடும்பத்துல இதைக் கேக்கவே எனக்குச் சங்கடமா இருக்கும். உங்ககிட்ட அந்தப் பிரச்சினை இல்லை. தொண்ணூத்தாறு. நான் இதுவரைக்கும் பார்த்ததுலயே அதிகம்."

தாமோதரனின் கை தன்னை அறியாமல் சட்டைப் பைக்குள் போய் பர்ஸைத் தொட்டது. நாளை சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டார். உடனே ஏன் சொல்ல முடியவில்லை என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மேடையில் இப்படிப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் கண்ணிமைக்காமல் அழுத்தியிருக்கிறார்.

வராந்தாவில் மகள் வர்ஷினியும் கொழுந்தியாள் ரேணுகாவும் காத்திருந்தார்கள். வர்ஷினி பூனாவிலிருந்து விமானத்தில் வந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் சந்தேகமே இல்லாமல் பேச்சு என்றாள். தினமும் அம்மாவிடம் போனில் பேசாமல் அவளுக்குப் பொழுது விடியாது. அம்மா பேசாத வீடு ஒரு வீடா என்று கேட்டு அழுதாள். ரேணுகா கால்தான் என்றாள். அக்காவை ஒருவர் தூக்கி ஒருவர் இறக்குகிற நிலைமைக்கு விட்டால் அக்கா மனசு செத்துப்போய்விடும் என்றாள். இரண்டு பேரும் தங்கள் பக்கத்தைச் சுகந்தியின் பக்கமாகவே நினைத்துப் பேசினார்கள்.

தாமோதரன் அட்டையை எடுத்தார். யாருக்கு அவள் மனசு தெரியும் என்று இதில் எழுதியிருக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் சும்மா இருங்கள் என்றார். ரேணுகாவின் மதிப்பெண் நாற்பத்துச் சொச்சம். வீட்டு ஆட்டத்தில் அவள் ஊகித்தால் சுகந்தி வேண்டுமென்றே மாற்றி அழுத்தி நாக்கைத் துருத்துவாள்.

ரேணுகா கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தாள். பிறகு வர்ஷினியைக் கீழே போய்க் காபி வாங்கிவரச் சொன்னாள்.

"மாமா, சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். அக்கா உங்களை ஜெயிக்க வெச்சுட்டு இருந்தா. எங்கிட்ட அவளே சொல்லியிருக்கறா. இவரு ஒரு ஆட்டம் தோத்தா எங்க வீட்ல மூணு நாளைக்குச் சோறு இறங்காது, அதுக்கு ஒரு பட்டனை அமுக்கிட்டுப் போறேன்டீன்னு."

தாமோதரனுக்கு ரத்தம் தலைக்கேறியது. மூடின திரையில் அழுத்துகிற பதில் அது. அவர் என்ன அழுத்தினார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் என்ன மந்திரவாதியா? ரேணுகாவுக்கும் அது தெரியவில்லை. எப்படி என்று அக்கா சொல்லவில்லை என்றாள். தாமோதரனுக்கு அது போதுமானதாக இருந்தது. பொறாமையில் பேசுகிறாள் என்று முடிவுகட்டினார். அந்த விளையாட்டுக் கம்பெனிக்கே போய், இந்த மதிப்பெண்ணில் பித்தலாட்டம் செய்ய முடியாது என்று எழுதி வாங்கிவந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கம்பெனி அலுவலகம் அவிநாசி சாலையில் இருந்தது. அட்டையைக் காட்டியதும் மரியாதையாக உள்ளே அனுப்பினார்கள். சரிபார்ப்புப் பொறியாளர் ஷர்மிளா பானு அவருக்குத் தண்ணீர் கொடுத்து, வந்த விஷயத்தை முழுக்கக் கேட்டாள். முப்பது வயதிருக்கும். நடுவில் எங்கேயும் குறுக்கிடவில்லை. கடைசியில், எழுதித் தருவதற்கு முன்னால் நாமே ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

"நான் நடுவுல உக்காந்துக்கறேன். நீங்க என்னை ஊகிக்கோணும்."

இப்போதுதானே உங்களைப் பார்க்கிறேன், எப்படிச் சொல்லுவது என்றார் தாமோதரன். பரவாயில்லை, மனசில் படுவதை அழுத்துங்கள் என்றாள். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கேள்விகள் வந்தன. மழைநாளில் மின்சாரம் போவதா, வெயில்நாளில் தண்ணீர் நிற்பதா? பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் ரகசியத்தைத் தெரிந்துகொள்வதா, நீங்கள் அவர் ரகசியத்தைத் தெரிந்துகொள்வதா? தாமோதரன் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, நிதானமாக யோசித்து அழுத்தினார். முதல் கேள்வி சரி. இரண்டாவது சரி. மூன்றாவதும் நான்காவதும் சரி. கடைசிவரை ஒன்றுகூடத் தப்பவில்லை.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பார்த்தீர்களா, மனுஷரைப் படிப்பது எனக்குக் கைவந்த கலை என்றார். வியாபாரத்தில் முப்பது வருஷம் என்றார். இதையே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

ஷர்மிளா சிரிக்கவில்லை.

"சார், இந்தப் பலகையில இடது பதிலை அமுக்கினா திரை முழுக்க நீலமாகும். வலதுன்னா மஞ்சளாகும். ஒரு நிமிசம் அப்படியே நிக்கும். நீங்க கண்ணாடி போட்டிருக்கறீங்க. எதிர்ல உக்காந்தா உங்க கண்ணாடியில நிறம் தெரியுதுங்க. நான் கேள்வியையே படிக்கல. உங்க கண்ணாடியைப் பாத்துத்தான் அமுக்கினேன்."

தாமோதரன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார். அந்த நேரத்தில் கைக்குச் செய்ய வேறு வேலை இல்லை.

இது உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். சட்டம் வந்த அடுத்த வருஷமே தெரியும் என்றாள் ஷர்மிளா. இந்த மாவட்டத்தின் மதிப்பெண்கள் இவ்வளவு உயரமாக இருப்பது அவளுக்கு உறுத்தியது. சில வீடுகளுக்குப் போய்ப் பார்த்தாள். கண்ணாடி போடாத கணவர்களும் ஏதோ ஒரு விதத்தில் காட்டிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவர் அழுத்தும்போது வாய்க்குள் முணுமுணுப்பார். ஒருவர் வலது என்றால் வலது முட்டியை ஆட்டுவார். மனைவிகள் அதைப் பார்த்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஏமாற்ற வேண்டும் என்று அல்ல. அவர் முகம் வாடக்கூடாது என்று. மாமியார் முன்னால், மச்சினர் முன்னால், குடியிருப்புக்காரர்கள் முன்னால்.

"மேல இருக்கறவங்ககிட்டச் சொன்னேன். திரையில நிறம் வேண்டாம்னேன். மதிப்பெண் குறைஞ்சா ஜனங்க ஆடமாட்டாங்கன்னுட்டாங்க. நானும் அப்புறம் பேசலை. சம்பளம் வாங்கிட்டு உக்காந்திருக்கறேன்." அவள் தண்ணீர்க் குவளையை இடம் மாற்றி வைத்தாள். "உங்க மனைவிக்கு உங்களைத் தெரியும்ங்கறதுக்குத்தான் அந்த அட்டை சாட்சிங்க. அதுல இருக்கற தொண்ணூத்தாறு உங்களுது இல்ல. அவங்களுது."

அட்டையை ரத்து செய்தால் என்ன ஆகும் என்று தாமோதரன் கேட்டார். குடும்பத்தில் வேறு யாரும் தொண்ணூறைத் தாண்டவில்லை என்பதால் விஷயம் அரசாங்கக் குழுவுக்குப் போகும், குழு கூடி விசாரித்து முடிவெடுப்பதற்குள் ஒட்டும் காலம் முடிந்துவிடும், அப்புறம் பேச்சும் இல்லை, நடையும் இல்லை என்றாள். ஆக, அவர்தான் சொல்லியாக வேண்டும்.

வெளியே வந்து வண்டியில் ஏறி, வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். தோற்ற அந்த ஒரு வருஷம் அவர் நினைவுக்கு வந்தது. அந்தப் பொங்கலுக்கு முந்தின நாள் கண்ணாடி கீழே விழுந்து உடைந்துவிட்டது. கடைக்காரர் பண்டிகை முடிந்துதான் தருவேன் என்றுவிட்டார். கண்ணாடி இல்லாமல், திரையை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு ஆடினார். எல்லாம் தப்பாகப் போனது. மற்ற கேள்விகள் மறந்துவிட்டன. ஒன்று மட்டும் மறக்கவில்லை, ஏனென்றால் அன்று கூடத்தில் எல்லோரும் அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.

ஆள் தெரியாத ஊரில் ஒரு நாள் முழுக்கத் தனியாக நடப்பதா, சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்கிற கல்யாண வீட்டில் ஒரு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பதா?

கல்யாண வீடு என்று அவர் அழுத்தியிருந்தார். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? சுகந்தி வாயாடி, கல்யாண வீடென்றால் முதல் ஆளாய் நிற்பாள். ஆனால் அவள் பலகையில் மற்றது இருந்தது. தனியாக நடப்பது. குடியிருப்புச் சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங் தாமோதரன், அம்மிணிக்கு உங்ககிட்டருந்து தப்பிச்சு ஓடோணுமாட்ட இருக்குதே" என்றார். அன்று அவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார். அவள் இரண்டு தடவை வந்து கூப்பிட்டாள். ஏன் அப்படி அழுத்தினாய் என்று அவர் கேட்கவும் இல்லை. அவளாகச் சொல்லவும் இல்லை. புதுக் கண்ணாடி வந்தது. அடுத்த வருஷத்திலிருந்து அவள் மறுபடியும் அவரோடு ஒத்துப்போனாள்.

இத்தனை வருஷ ஆட்டத்தில் சுகந்தி தானாகச் சொன்ன பதில்கள் அந்த ஒரு நாளில் மட்டுந்தான் இருந்தன. அதில் ஒன்று இப்போது டாக்டர் கேட்கும் கேள்விக்கே பதிலாக இருந்தது. தாமோதரனுக்குப் புரிந்துவிட்டது. வேறு யாரும் சொல்லாமல், எந்த அட்டையும் இல்லாமல், அவருக்கு அவள் மனசு தெரிந்துவிட்டது. கால்தான். அவள் கால்தான் கேட்பாள்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போய் நடை என்று சொல்லிவிட்டு, ரேணுகாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நல்ல மனுஷனாக வீட்டுக்குப் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் எழுதுகிற எனக்கும் அவர்மேல் இன்னும் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவர் யோசித்தார். நடை என்று சொன்னால் சுகந்தி நடப்பாள். குளிப்பாள், சமைப்பாள், பால் வாங்கப் போவாள். அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. ஆனால் அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். சரியாகத்தான் தேர்ந்தெடுத்தேனா என்று கேட்டால் பதில் வராது. தலையை ஆட்டினாலும் அது ஆமாமா இல்லையா என்று தெரியாது. சாகும்வரை எதிரே உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வையில் என்ன இருக்கிறது என்று அவர் ஊகித்துக்கொண்டே இருக்க வேண்டும். முப்பது வருஷம் ஊகித்ததன் லட்சணம்தான் தெரிந்துவிட்டதே.

பேச்சு என்று சொன்னால் அவள் பேசுவாள். அவர் தூக்கிக் குளிப்பாட்ட வேண்டும், கட்டிலில் இறக்க வேண்டும், அதற்கெல்லாம் அவர் தயார். அதை ஒரு பரிகாரமாகவே நினைத்துக்கொண்டார். கஷ்டமான பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன், சுகமான பக்கத்தை விட்டுவிடுகிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நல்ல நியாயம். கஷ்டம் அவருக்கு, ஆனால் கால் அவளுடையது என்பதை மட்டும் அந்த நியாயத்தில் சேர்க்கவில்லை. உள்ளே இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவையாவது அவள் தன் மனசிலிருந்து அவருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும், அதை அவர் காதால் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவரால் உயிரோடு இருக்க முடியாதுபோல் இருந்தது.

டாக்டர் மெஹ்ருன்னிசா படிவத்தை நகர்த்தினார்.

"பேச்சு," என்றார் தாமோதரன்.

டாக்டர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரியாததா என்றார். அந்த வார்த்தை ஊசி மாதிரி இறங்கியது. ஆனாலும் அவர் திருத்தவில்லை.

வர்ஷினி அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். நீங்க சரியாத்தான்ப்பா சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும் என்றாள். அவர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். கம்பெனியில் என்ன சொன்னார்கள் என்று ரேணுகா கேட்டாள். அட்டை சரியாகத்தான் இருக்கிறதாம் என்றார். அது அப்பட்டமான பொய். ரேணுகா அக்காவின் அறை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஒட்டு பிடித்துக்கொண்டது. சுகந்தி கண் விழித்தாள். முதலில் வெறும் சத்தம்தான் வந்தது. பிறகு தண்ணீர் என்றாள். பிறகு வர்ஷினி பெயரைச் சொன்னாள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் வராது என்று பெருமைப்பட்டாள். நர்ஸுகளோடு வம்பு பேசும் அளவுக்கு வார்த்தைகள் திரும்பின. இடுப்புக்குக் கீழே வலதுபக்கம் எதுவும் திரும்பவில்லை. அவள் தூக்கத்தில் இருந்தபோது எடுத்த முடிவைப் பற்றி டாக்டரே அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னார். உங்கள் கணவர்தான் சொன்னார் என்றார். அப்படியா என்று கேட்டுக்கொண்டாள்.

தாமோதரன் ஒரு வேலைக்கும் ஆள் வைக்கவில்லை. கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டார். தூக்கினார், துடைத்தார், தலை வாரிவிட்டார். எல்லோரும் அவரைப் பற்றி உயர்வாகப் பேசினார்கள். ஒவ்வொரு பாராட்டும் அவரைக் குனியவைத்தது. சுகந்தி தூங்கும்போது போர்வைக்கு வெளியே தெரியும் அந்தக் காலைப் பார்க்க முடியாமல் போர்வையை இழுத்துவிடுவார். கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் வாய் வரை வரும். பயந்து விழுங்கிவிடுவார்.

ஒரு மத்தியானம், சாப்பாடு முடிந்து ஆஸ்பத்திரி அறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். வெளியே நல்ல வெயில். நர்ஸ் பெண் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சுகந்தி, உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும். என் மூஞ்சியைப் பாக்காம பதில் சொல்லு."

அவள் அவரைப் பார்த்தாள். அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று அவளுக்கு அந்த ஒரு வாக்கியத்திலேயே புரிந்துவிட்டது. வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"கேளுங்க."

"பேச்சா, நடையா? உன்னையக் கேட்டிருந்தா எதைச் சொல்லியிருப்ப?"

யோசிக்கவே இல்லை.

"நடைங்க."

அவர் எத்தனையோ நாளாகக் காத்திருந்த பதில் அதுதான். அவள் மனசிலிருந்து, அவர் முகத்தைப் பார்க்காமல், ஒரு முழுப் பதில். கேட்டதும் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தார். வரவில்லை.

சுகந்தி கண்ணைத் திறந்தாள். கோபம் இல்லை. வாடிக்கைபோல அவரைத் தேற்றுவதற்காகத்தான் அடுத்ததைச் சொன்னாள். வார்த்தைகள் ஒவ்வொன்றாக மெதுவாக வந்தன.

"பரவால்ல விடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

அதை அப்படியே விட்டிருந்தால் போதும். தெரியாமல் செய்துவிட்டேன் என்ற ஒரு பொய் அவருக்குத் தட்டில் வைத்து நீட்டப்பட்டிருந்தது. இத்தனை வருஷமாக நீட்டப்பட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டவர்தான் அவர். இதை எடுக்க அவரால் முடியவில்லை.

"தெரியும்," என்றார்.

சுகந்தி அப்படியே பார்த்தாள்.

"கண்ணாடி ஒடைஞ்ச வருசம் நீ சொன்ன பதில் ஞாவகம் வந்துச்சு. நீ நடைன்னுதான் சொல்லுவன்னு தெரியும். தெரிஞ்சுதான் பேச்சுன்னேன்."

"ஏனுங்க?"

"நீ சொல்லிக் கேக்கோணும்னு."

வாசலில் துணி மடிக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து தாமோதரன் சுகந்தியின் முகத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார், ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று இவ்வளவு தெளிவாக எப்போதும் தெரிந்ததில்லை.

"கேட்டாச்சல்ல," என்றாள்.

பிறகு வாசல் பக்கம் திரும்பி நர்ஸைக் கூப்பிட்டாள். என்னைக் கொஞ்சம் வெளியே கூட்டிக்கொண்டு போம்மா என்றாள். நர்ஸ் வீல்சேரைக் கொண்டுவந்தாள். எப்போதும்போலத் தூக்குவதற்குத் தாமோதரன் எழுந்து கட்டில் பக்கம் வந்தார். சுகந்தி இடது கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

"நீங்க இருங்க."

நர்ஸும் வாசலில் போய்க்கொண்டிருந்த இன்னொரு பெண்ணுமாகச் சேர்ந்து சுகந்தியை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கால் ஒரு பக்கம் சரிந்தது, நர்ஸ் அதை எடுத்துக் கால் வைக்கும் படியில் வைத்தாள். வராந்தாவில் சக்கரம் போகும் சத்தம் கேட்டது. எங்கே போக வேண்டும் அம்மா என்று நர்ஸ் கேட்பதும், சுகந்தி ஏதோ பதில் சொல்வதும், நர்ஸ் சிரிப்பதும் கேட்டன. என்ன சொன்னாள் என்பது அவருக்கு விளங்கவில்லை.

அவர் இருந்தார்.